கையெழுத்துப் போடாதவர் எங்கே போவார்?

2024 மார்ச் 8 அன்று அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், நேப்பிள்ஸ் நகரத்து வீடொன்றின் கூரையைப் பொத்துக்கொண்டு ஓர் உலோகத் துண்டு விழுந்தது. எடை முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, உயரம் 10 சென்டிமீட்டர். கூரையைத் துளைத்தது போதாதென்று தரையையும் துளைத்திருந்தது. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. நாசா அந்தத் துண்டை வாங்கிப் பரிசோதித்து, 2021 மார்ச்சில் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து கழற்றிவிட்ட பழைய பேட்டரிப் பாரத்தின் ஒரு பாகம்தான் அது என்று ஒப்புக்கொண்டது. வளிமண்டலத்தில் முழுசாக எரிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். ஒரு துண்டு மட்டும் கணக்குக்குக் கட்டுப்படவில்லை.

அந்த வீட்டுக் குடும்பம் நாசாவிடம் 80,000 டாலருக்கு மேல் நஷ்டஈடு கேட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இதே துண்டு கனடாவில் ஒரு வீட்டில் விழுந்திருந்தால், 1972-ஆம் ஆண்டுப் பொறுப்பு உடன்படிக்கைப்படி அமெரிக்கா முழுப் பொறுப்பு. யார் தவறு என்ற கேள்வியே எழாது. ஆனால் விழுந்தது சொந்த நாட்டில். ஏவிய நாட்டின் குடிமக்களுக்கு இந்த உடன்படிக்கை பொருந்தாது என்று அதன் 7-ஆம் பிரிவே சொல்கிறது. அண்டை நாட்டுக்காரருக்கு இருக்கும் பாதுகாப்பு சொந்த நாட்டுக்காரருக்கு இல்லை. அவர் உள்நாட்டுச் சட்டத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

இந்தச் செய்தியைப் பிடித்துக்கொண்டு படிக்கப் போனவன், கடைசியில் ஓர் ஆவணத்தில் வந்து நின்றேன். த ஹேக் நகரிலுள்ள நிரந்தர நடுவர் நீதிமன்றம் 2011 டிசம்பர் 6 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதித்தொகுப்பு அது: விண்வெளிச் செயல்பாடுகள் தொடர்பான தகராறுகளை நடுவர் முறையில் தீர்ப்பதற்கான விருப்ப விதிகள். விண்வெளியில் தனியார் நிறுவனங்கள் பெருகிவிட்டன, தகராறு வந்தால் தீர்க்க ஓர் அமைப்பு வேண்டாமா என்று பேசுகிற எல்லாருமே ஏதாவது ஒரு கட்டத்தில் இந்த விதிகளைக் கைகாட்டுகிறார்கள். இந்தக் குறிப்பு அந்த விதிகளைப் பற்றிய விமர்சனம்.

நான் சட்டம் படித்தவனில்லை. ஆனால் இருபது வருஷமாக மென்பொருள் வடிவமைப்பு ஆவணங்களைப் படித்துப் பிழைப்பு நடத்துகிறேன். அந்த வேலையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதைப் பயன்படுத்தப் போவது யாரு? இந்த விதிகளையும் அப்படித்தான் படித்தேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எழுதியவர்கள் விவரமானவர்கள். நீதிபதி ஃபௌஸ்தோ போகர் தலைமையில் ஒரு வல்லுநர் குழு ஆலோசனை சொல்லி உருவானது. ஐ.நா.வின் வணிகச் சட்ட ஆணையமான அன்சிட்ரால் 2010-இல் வெளியிட்ட பொதுவான நடுவர் விதிகளை எடுத்து, விண்வெளிக்கு ஏற்ப மாற்றியிருக்கிறார்கள். மாற்றிய இடங்கள் எல்லாமே யோசித்துச் செய்தவை. நடுவர்களுக்கும் அறிவியல் நிபுணர்களுக்கும் தனித்தனிப் பட்டியல் வைத்திருப்பார்கள். விவகாரத்தின் தொழில்நுட்பத்தைச் சாதாரண மொழியில் சுருக்கி எழுதித் தரும்படி நடுவர்கள் கேட்கலாம். செயற்கைக்கோளின் உட்கட்டமைப்பு போன்ற ரகசியங்களை எதிராளிக்குக் காட்டாமலே சரிபார்க்க, ரகசியக் காப்பு ஆலோசகர் ஒருவரை நியமிக்கலாம். இது விண்வெளி வழக்கா இல்லையா என்ற வெட்டி விவாதத்துக்கும் இடமில்லை: இரு தரப்பும் இந்த விதிகளுக்கு ஒப்புக்கொண்டால் போதும். அரசு ஒன்று ஒப்புக்கொண்டுவிட்டால், “நான் இறையாண்மை பெற்ற அரசு, என்னை விசாரிக்க முடியாது” என்று பிறகு சொல்லவும் முடியாது.

ஆக, உள்ளே நடக்கப்போகிற விசாரணைக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. என் குறை வாசலில்தான். ‘இரு தரப்பும் ஒப்புக்கொண்டால்’ என்கிற அந்த இரண்டு மூன்று சொற்களில்.

இரு தரப்பும் எப்போது ஒப்புக்கொள்வார்கள்? பெரும்பாலும் வியாபார ஒப்பந்தம் எழுதும்போது. தகராறு வந்தால் இன்ன இடத்தில், இன்ன விதிப்படி தீர்த்துக்கொள்வோம் என்று ஒரு பிரிவு சேர்ப்பார்கள். அப்படி ஒப்பந்தம் உள்ளவர்களுக்கு 2011-க்கு முன்பே போக இடம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஐரோப்பாவின் இரண்டு பெரிய செயற்கைக்கோள் நிறுவனங்களான யூட்டெல்சாட்டும் எஸ்இஎஸ்ஸும் கிழக்கு 28.5 பாகையில் உள்ள சுற்றுப்பாதை இடத்துக்காக மோதிக்கொண்டன. போனது ஐசிசி எனப்படும் பன்னாட்டு வணிகச் சபையின் நடுவர் மன்றத்துக்கு. 2014 ஜனவரியில் சமரசமாகிவிட்டது. பிரிட்டனின் அவந்தி நிறுவனம் செயற்கைக்கோள் வாடகை பாக்கிக்காக இந்தோனேசியப் பாதுகாப்பு அமைச்சகத்தை லண்டன் நடுவர் மன்றத்துக்கு இழுத்து, 2018-இல் சுமார் 2 கோடி டாலருக்குத் தீர்ப்பு வாங்கியது. இரண்டும் சுத்தமான விண்வெளித் தகராறுகள். இரண்டுக்குமே விண்வெளிக்கென்று தனி விதி தேவைப்படவில்லை. 2021-இல் துபாயின் நிதி மைய நீதிமன்றங்கள் ‘விண்வெளி நீதிமன்றங்கள்’ என்றொரு திட்டத்தை அறிவித்தபோதும் எனக்கு இதேதான் தோன்றியது. ஏற்கெனவே நாலு கதவு உள்ள வீட்டுக்கு ஐந்தாவது கதவு.

கதவுகள் நிறைய இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊர் உதாரணமே இருக்கிறது. தேவாஸ் – ஆன்ட்ரிக்ஸ் விவகாரம். 2005 ஜனவரி 28 அன்று, இஸ்ரோவின் வணிகக் கரமான ஆன்ட்ரிக்ஸ், ஜிசாட்-6, ஜிசாட்-6ஏ என்ற இரண்டு செயற்கைக்கோள்களின் எஸ்-பேண்ட் அலைவரிசைத் திறனில் 90 சதவீதத்தை பெங்களூரின் தேவாஸ் மல்டிமீடியா நிறுவனத்துக்குக் குத்தகைக்குத் தர ஒப்பந்தம் போட்டது. 2011 பிப்ரவரியில், நாட்டின் பாதுகாப்புக்கு அந்த அலைக்கற்றை வேண்டும் என்று மத்திய அமைச்சரவைக் குழு முடிவெடுத்தது, ஒப்பந்தம் ரத்தானது. அப்போது இரண்டு செயற்கைக்கோள்களுமே தரையில்தான் இருந்தன. ஜிசாட்-6 மேலே போனது 2015 ஆகஸ்டில். ஜிசாட்-6ஏ 2018 மார்ச்சில் போய், சில நாட்களிலேயே தொடர்பை இழந்தது.

ரத்துக்குப் பின் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஐசிசி நடுவர்கள் 2015-இல், ஒப்பந்தத்தை முறித்தது தவறு, 56.25 கோடி டாலரும் வட்டியும் கொடு என்று ஆன்ட்ரிக்ஸிடம் சொன்னார்கள். தேவாஸின் மொரிஷியஸ் முதலீட்டாளர்கள் இந்திய அரசின் மேல் தனியாகத் தொடுத்த வழக்கில், அலைக்கற்றையில் 60 சதவீதம் உண்மையிலேயே பாதுகாப்புக்குத் தேவைப்பட்டது, மீதி 40 சதவீதத்துக்கு மட்டும் நஷ்டஈடு என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. இன்னொரு முதலீட்டாளரான டாய்ச்ச டெலிகாம் தொடுத்த வழக்கில் மூன்றாவது நடுவர் குழு, பாதுகாப்புக் காரணம் செல்லாது என்றது. கடைசியில் 2022 ஜனவரியில் நம் உச்ச நீதிமன்றம், தேவாஸ் நிறுவனமே மோசடிக்காக உருவானது, அதைக் கலைத்தது சரி என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் ஐசிசி தீர்ப்பை ரத்து செய்தது. ஆனாலும் வழக்கு சாகவில்லை. முதலீட்டாளர்கள் வெளிநாட்டு நீதிமன்றங்களில் இந்தியச் சொத்துகளைத் தேடிப் போனார்கள். அமெரிக்காவில் வட்டியோடு சுமார் 129 கோடி டாலருக்கு உறுதிசெய்யப்பட்ட தீர்ப்பு மேல்முறையீட்டில் விழுந்தது. 2025 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த மேல்முறையீட்டு முடிவைத் தள்ளிவிட்டு, மறுபடி விசாரி என்று கீழே அனுப்பியது.

ஒரே நிகழ்ச்சி. நான்கு மன்றங்கள். நான்கு பதில்கள். யார் பக்கம் நியாயம் என்பது இங்கே என் விஷயமில்லை. நான் கவனித்தது வேறு. இதில் ‘விண்வெளி மன்றம் இல்லையே’ என்பது யாருடைய பிரச்சினையாகவும் இருக்கவில்லை. தீர்ப்புகளை எப்படி ஒன்றோடொன்று பொருத்துவது, எப்படி நிறைவேற்றுவது என்பதுதான் பிரச்சினை. 2011 விதிகள் அந்த இடத்தில் என்ன செய்கின்றன? விசாரணைக்கு உட்படுவதில் அரசு தன் பாதுகாப்பை விட்டுக்கொடுத்ததாக எடுத்துக்கொள்ளும் அதே பிரிவு, தீர்ப்பை நிறைவேற்றுவதற்கு அரசு தனியாக, வெளிப்படையாகச் சம்மதம் தர வேண்டும் என்று அடுத்த வரியில் சொல்கிறது. அதாவது விசாரிக்கலாம், தீர்ப்பும் சொல்லலாம், சொத்தில் கை வைக்க மட்டும் தனி அனுமதி. தேவாஸ் கதையில் கஷ்டமே அங்கேதானே!

சரி, ஒப்பந்தம் உள்ளவர்கள் எப்படியோ சமாளிப்பார்கள். பணமிருக்கிறது, வக்கீல் இருக்கிறார், காப்பீடு இருக்கிறது. ராக்கெட் ஏவும் தொழிலில், விபத்து நடந்தால் அவரவர் நஷ்டம் அவரவருக்கு என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வது வழக்கம். அதனால் பாதித் தகராறு பிறக்கும் முன்பே முடிந்துவிடுகிறது. ஒப்பந்தம் இல்லாதவர்கள் கதை என்ன?

2009 பிப்ரவரி 10 அன்று, சைபீரியாவுக்கு மேலே சுமார் 790 கிலோமீட்டர் உயரத்தில், அமெரிக்கத் தனியார் நிறுவனத்தின் இரிடியம்-33 செயற்கைக்கோளும் ரஷ்யாவின் செயலிழந்த காஸ்மோஸ்-2251-உம் மோதி நொறுங்கின. இரண்டு முழுச் செயற்கைக்கோள்கள் மோதிக்கொண்டது அதுவே முதல் முறை. இரிடியத்துக்கும் ரஷ்யாவுக்கும் நடுவே இப்படி ஒன்று நடந்தால் எங்கே போவது என்று சொல்லும் ஒப்பந்தம் எதுவும் கிடையாது. இருக்கவும் முடியாது. சாலையில் எதிரே வரும் லாரியோடு யாரும் முன்கூட்டி ஒப்பந்தம் போட்டுக்கொள்வதில்லை. பொறுப்பு உடன்படிக்கையில், பூமியில் நடக்கும் சேதத்துக்குத்தான் முழுப் பொறுப்பு. மேலே நடக்கும் மோதலுக்கு யார் தவறு என்று நிரூபிக்க வேண்டும். ‘தவறு’ என்றால் என்ன என்று உடன்படிக்கை சொல்லவில்லை. அதுமட்டுமில்லை, அந்த உடன்படிக்கையின் வழியே நஷ்டஈடு கேட்கும் உரிமை நாட்டுக்குத்தான், நிறுவனத்துக்கு இல்லை. அமெரிக்கா கேட்கவில்லை. ரஷ்யாவும் கேட்கவில்லை. ஆயிரக்கணக்கான துண்டுகள் மட்டும் மிஞ்சின.

1972 முதல் இன்றுவரை அந்த உடன்படிக்கையைச் சொல்லி ஒரு நாடு முறைப்படி நஷ்டஈடு கேட்டது ஒரே ஒரு முறை. 1978 ஜனவரியில் அணு உலையோடு கனடாவின் வடபகுதியில் விழுந்த சோவியத் காஸ்மோஸ்-954. கனடா கேட்டது 60 லட்சம் கனடிய டாலருக்குச் சற்று மேல். 1981-இல் சமரசமாகக் கிடைத்தது 30 லட்சம். உடன்படிக்கையில் சொல்லப்பட்ட நஷ்டஈட்டு ஆணையம் அமைக்கப்படவே இல்லை. அமைத்திருந்தாலும், இரு நாடுகளும் முன்கூட்டி ஒப்புக்கொண்டால் தவிர அதன் முடிவு வெறும் பரிந்துரைதான்.

‘தவறு’ என்பதற்கு விளக்கம் இல்லாததை ஏதோ ஏட்டுப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 2019 செப்டம்பர் 2 அன்று ஐரோப்பிய விண்வெளி முகமை தன் ஏயோலஸ் செயற்கைக்கோளை, ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்லிங்க் ஒன்றோடு மோதாமல் இருக்க நகர்த்தியது. மோதும் வாய்ப்பு 10,000-இல் 1 என்ற எல்லையைத் தாண்டியிருந்தது. வாய்ப்பு கூடிவிட்டது என்ற பிந்தைய தகவல் தங்கள் பணியாளரைச் சேரவில்லை, பணிநேர அழைப்பு அமைப்பில் ஒரு பிழை இருந்தது என்று ஸ்பேஸ்எக்ஸ் விளக்கம் கொடுத்தது. இதைப் படித்தபோது எனக்கு அடிவயிறு கலங்கியது. ராத்திரி இரண்டு மணிக்கு போன் அடிக்க வேண்டிய எச்சரிக்கை அடிக்காமல் போய், காலையில் வந்து பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்ட அனுபவம் எங்கள் தொழிலில் யாருக்குத்தான் இல்லை? நான் பார்த்ததெல்லாம் ஒரு இணையதளம் சில மணி நேரம் படுத்துக்கிடப்பது. அங்கே ஒரு மோதல். அன்று ஐரோப்பியர்கள் நகர்த்தாமல் இருந்து, மோதியும் இருந்தால், அந்த மென்பொருள் பிழை ‘தவறு’ கணக்கில் வருமா? நகர்த்த முடிந்தும் நகர்த்தாதவர் மேலும் பாதித் தவறா? இதற்குப் பதில் சொல்லத் தகுந்த நிபுணர் பட்டியல் 2011 விதிகளில் இருக்கிறது. அந்த நிபுணரிடம் வழக்கைக் கொண்டுபோகும் வழிதான் இல்லை.

நியாயமான ஒரு மறுப்பு வரும். நடுவர் முறை என்றாலே சம்மதத்தில் நிற்பது. சம்மதிக்காதவனை எப்படி இழுப்பது? விதி எழுதியவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? இந்த மறுப்பை நான் ரொம்ப நாள் ஏற்றுக்கொண்டிருந்தேன். மனசை மாற்றியது மறுபடியும் தேவாஸ்தான்.

மொரிஷியஸ் முதலீட்டாளர்களுக்கும் இந்திய அரசுக்கும் நடுவே என்ன ஒப்பந்தம் இருந்தது? ஒன்றுமில்லை. தேவாஸ் ஒப்பந்தம் போட்டது ஆன்ட்ரிக்ஸோடு. அப்புறம் எப்படி இந்திய அரசை நடுவர் முன் நிறுத்தினார்கள்? இந்தியாவுக்கும் மொரிஷியஸுக்கும் இடையே இருந்த முதலீட்டு உடன்படிக்கையால். அதில் இந்தியா, உங்கள் நாட்டு முதலீட்டாளர் யார் வந்து கேட்டாலும் நடுவர் முறைக்கு வருகிறேன் என்று முன்கூட்டியே சம்மதம் எழுதிக் கொடுத்திருந்தது. பெயர் தெரியாத, எதிர்காலத்தில் வரப்போகிற யாரோ ஒருவருக்கான சம்மதம். ஆக, கையெழுத்துப் போடாதவருக்குக் கதவு திறக்கும் சூத்திரம் உலகத்துக்குத் தெரியாதது இல்லை. முதலீட்டாளருக்குத் திறந்துவிட்டார்கள். கூரை பொத்துப்போன குடும்பத்துக்கும், செயற்கைக்கோளை இழந்த சின்ன நிறுவனத்துக்கும் திறக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

திறக்க வேண்டிய இடமும் தயாராக இருக்கிறது. 1967 விண்வெளி உடன்படிக்கையின் 6-ஆம் பிரிவுப்படி, தனியார் விண்வெளிக்குப் போக அவர்கள் அரசு அனுமதி தந்து, தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். அனுமதி என்றால் உரிமம். உரிமத்துக்கு நிபந்தனை போடலாம். அந்த நிபந்தனைகளுக்குப் பல் இருப்பதையும் பார்த்திருக்கிறோம். 2018 ஜனவரியில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்த நம் பிஎஸ்எல்வி-சி40-இல், ஸ்வார்ம் என்ற அமெரிக்க நிறுவனத்தின் நாலு குட்டிச் செயற்கைக்கோள்களும் இருந்தன. இவ்வளவு சின்னதைக் கண்காணிப்பது கஷ்டம் என்று அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் முன்பே அனுமதி மறுத்திருந்தது. மீறி அனுப்பியதற்கு 9 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது. எந்தப் பன்னாட்டு மன்றமும் தேவைப்படவில்லை.

உரிமத்தில் இன்னொரு வரி சேர்த்தால் போதும்: உன் பொருளால் சேதமடைந்த யார் கேட்டாலும், 2011 விதிகளின்படி நடுவர் தீர்ப்புக்கு உட்படுகிறேன், காப்பீட்டுத் தொகை அளவுக்கு. கடைசிச் சொற்கள் முக்கியம். உச்சவரம்பு இல்லாவிட்டால் எந்தத் தொடக்க நிறுவனமும் தாங்காது. காப்பீடு வரை என்றால், தீர்ப்பை நிறைவேற்றச் சொத்து தேடி நாடு நாடாக அலையவும் வேண்டாம். தீர்ப்புகளை வெளியிட வேண்டும் என்பதையும் அதிலேயே சேர்க்கலாம். இப்போதுள்ள விதிப்படி, தரப்பினர் சம்மதிக்காமல் பொதுவாகத் தீர்ப்பு வெளியே வராது. தீர்ப்பு வெளியே வராவிட்டால் ‘தவறு’ என்பதற்கு ஒருநாளும் அர்த்தம் சேராது. கண்டுபிடித்த பிழையை ஊருக்குச் சொல்லாமல் புதைத்தால் அடுத்த நிறுவனமும் அதே பிழையில் விழும். இது எங்கள் தொழிலில் பாலபாடம்.

இதில் ஓட்டை இல்லையா? இருக்கிறது. ஒரு நாடு மட்டும் இந்த நிபந்தனை போட்டால் நிறுவனங்கள் போடாத நாட்டுக்கு நடையைக் கட்டும். பெரிய சந்தையுள்ள இரண்டு மூன்று நாடுகளாவது சேர்ந்து செய்ய வேண்டும். இந்தியா முன்வருமா என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. தேவாஸ் போன்ற வழக்குகளில் சுட்டுக்கொண்ட கை இது. 2016-க்குப் பிறகு பழைய முதலீட்டு உடன்படிக்கைகளில் பெரும்பாலானவற்றை முறித்துக்கொண்ட அரசு. முன்கூட்டிய சம்மதம் என்ற சொல்லைக் கேட்டாலே கசக்கும்.

ஆனாலும் யோசிக்க இதைவிட நல்ல நேரம் வராது. ஸ்கைரூட் 2022 நவம்பரிலும், சென்னையின் அக்னிகுல் 2024 மே மாதமும் சோதனை ராக்கெட்டுகளைப் பறக்கவிட்டுவிட்டன. குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியாயிற்று. இவர்கள் நாளை எதை ஏவினாலும், உடன்படிக்கையின் கண்ணில் ஏவிய நாடு இந்தியாதான். பில் டெல்லிக்குத்தான் வரும். 2023-இல் விண்வெளிக் கொள்கை வந்துவிட்டது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய விண்வெளிச் சட்டம் இன்னும் இல்லை. எழுதப்போகிற சட்டத்தில் ஒரு பிரிவு சேர்ப்பது, எழுதி முடித்த சட்டத்தைத் திருத்துவதைவிட எப்போதுமே சுலபம்.

2011 விதிகளை நான் தூக்கிப் போடச் சொல்லவில்லை. உள்ளே இருப்பது நல்ல சரக்கு. ஆனால் விண்வெளித் தகராறுக்கு இதோ வழி கிடைத்துவிட்டது என்று அதைக் காட்டும்போது, யாருக்குக் கிடைத்தது என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். நேப்பிள்ஸ் வீட்டுக்காரர்கள் யாரோடும் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டவர்கள் இல்லை. தங்கள் வீட்டில் இருந்தார்கள், அவ்வளவுதான்.